155 எல்லை மீறல்கள்

லடாக்கில் பாங்காங் ஏரி சுமார் 4,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே ஒரு பகுதி நம்மிடம், மிச்சம் சீனாவிடம். நடுவில் வேலி கிடையாது. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதிலேயே தகராறு. 2012 ஆகஸ்டிலிருந்து அங்கே காவலில் நின்றவர்கள் கண்ணில் ஒன்று பட ஆரம்பித்தது. சீனப் பக்கத்து மலைக்குப் பின்னாலிருந்து மஞ்சளாக ஒரு ஒளி எழும்பும். மெதுவா நகரும். சில மணி நேரம் வானத்தில் இருந்துவிட்டு மறையும். மறுநாளும் வரும்.

ராணுவம் இதை லேசா எடுத்துக்கலை. மலை உச்சிக்கு ரேடாரும் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் போயின. கண்ணுக்குத் தெரிந்த பொருள் ரேடாரில் இல்லை. ரேடியோ சிக்னலும் இல்லை. ஆளில்லா விமானம் ஒன்றை அந்த ஒளியை நோக்கி ஏவினார்கள். தன்னால் முடிந்த உயரம் வரை போய், ஒளியைத் தவறவிட்டது. உலோகம் இல்லாத ஏதோ சீன உளவுக் கருவி என்ற சந்தேகம் வலுத்தது. (சென்சார் மூன்றும் ‘ஒன்றுமில்லை’ன்னு சொன்னா, நாம முதல்ல சந்தேகப்படுவது சென்சாரைத்தான். நானும் அதே ஜாதி.)

2013 பிப்ரவரிக்குள் 329 பதிவுகள் சேர்ந்துவிட்டன. அதில் 155 தடவை அது எல்லை தாண்டி நம் பக்கம் வந்ததாகக் கணக்கு.

கடைசியில் விஷயம் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்திடம் வந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792ல் எழுந்த சென்னை வானாய்வகம், பிறகு கொடைக்கானல் என்று வரும் பரம்பரையில் உருவான நிறுவனம் அது. லடாக்கிலேயே ஹான்லேயில் அவர்களுக்குத் தொலைநோக்கி இருக்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இது வானத்துப் பொருளா, பூமியில் உள்ளதா? அதற்கு அந்த ஒளி பின்னால் இருக்கும் நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் எங்கே இருக்கிறது, எப்படி நகர்கிறது என்று குறிக்க வேண்டும். குறித்தார்கள். ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி.

நம்பிக்கை இல்லாமல் நானே வீட்டில் ஸ்டெல்லேரியத்தைத் திறந்து இடத்தையும் தேதியையும் போட்டுப் பார்த்தேன். 2012 ஆகஸ்ட் நடுவில் வியாழன் கிழக்கே நள்ளிரவு வாக்கில் உதிக்கிறது. அப்புறம் தினமும் சுமார் நாலு நிமிஷம் முந்திக்கொண்டே வந்து, டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் மறையும்போதே எழுந்துவிடுகிறது. மாசத்துக்கு இரண்டு மணி நேரம். எந்த நாட்டு டிரோனுக்கும் இப்படி ஒரு டைம்டேபிள் இருக்காது. வெள்ளி அந்த மாதங்களில் விடியலுக்கு முன்னால், அதே கிழக்கில். கிழக்கே சீனா. அங்கே உதித்து மேற்கே நகரும் எதுவாக இருந்தாலும் நம் எல்லையைத் தாண்டித்தானே ஆகணும்!

ஆபீஸ் நண்பரிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அவ்வளவா சிரிப்பு வரலை. அந்த உயரத்தில் காற்று மெலிசு, தூசி குறைவு. அடிவானத்தை ஒட்டியே கிரகங்கள் பளிச்சென்று தெரியும். இருட்டில் தனியாக ஒரு ஒளிப்புள்ளியையே உற்றுப் பார்த்தால் அது அசைவது போலத் தோன்றும், இது கண்ணின் பழக்கம். உளவு விமானம் வருமோ என்று காத்திருப்பவனுக்கு அது உளவு விமானமாகத்தான் தெரியும். அந்தக் குளிரில் நின்று 329 தடவை எழுதி வைத்திருக்கிறார்களே! என் டீமில் பாதிப் பேர் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்தும் லாக் எழுத மாட்டார்கள்.

இந்த முடிவு பத்திரிகைகளில் வந்தது 2013 ஜூலையில். அதற்கு மூன்று மாதம் முன்னால், ஏப்ரல் 15 அன்று, அதே லடாக்கில் டெப்சாங் சமவெளியில் சீன வீரர்கள் கூடாரம் அடித்தார்கள். எதிரே நம் வீரர்களும் கூடாரம் போட்டார்கள். இது நிஜ மனிதர்கள், நிஜத் துப்பாக்கி. சுமார் மூன்று வாரம் கழித்து, மே 5ஆம் தேதி பேச்சுவார்த்தையில் விலகினார்கள். அந்த மூன்று வாரமும் சூரியன் மறைந்த பிறகு மேற்கு வானத்தில் வியாழன் பிரகாசமாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.