பாடி வரை வந்த வரைபடம்

1924 மே 16 அன்று வால்டர் ஷூவார்ட் என்ற இயற்பியலாளர் தன் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். ஒரு பக்கமே கொண்ட குறிப்பு. அதிலும் மூன்றில் ஒரு பங்கை ஒரு படம் பிடித்துக்கொண்டது. அவர் வேலை பார்த்த அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் தொலைபேசிக் கருவிகள் தயாரித்து வந்தது. அக்கால ஆலைகள் பெரும்பாலானவற்றில் ஒரே வழக்கம்தான்: முதலில் செய்து குவிப்பது, பிறகு கடைசியில் உட்கார்ந்து நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது. கெட்டுப்போன பொருளுக்கான உலோகம், உழைப்பு, நேரம் எல்லாம் அதற்குள் செலவாகியிருக்கும்.

ஷூவார்ட் வரைந்தது கட்டுப்பாட்டு வரைபடம். லேத்தில் ஒரு இரும்புத் தண்டு கடையப்படுவதாக வைத்துக்கொள்வோம். தொழிலாளி மணிக்கு ஒருமுறை ஐந்து தண்டுகளை எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்கிறார். சராசரியை ஒரு புள்ளியாகத் தாளில் வைக்கிறார். தாளின் நடுவே ஒரு கோடு. மேலே ஒன்று, கீழே ஒன்று என எல்லைக்கோடுகள். புள்ளிகள் எல்லைக்குள் அங்குமிங்குமாகச் சிதறியிருக்கும்வரை எந்திரத்தைத் தொடக்கூடாது. அந்த அளவு ஏற்ற இறக்கம் எந்த எந்திரத்துக்கும் உண்டு. அதைச் சரிசெய்கிறேன் என்று திருகினால் நிலைமை மோசமாகத்தான் ஆகும். புள்ளிகள் தொடர்ந்து ஒரே பக்கமாக ஏறினால் டூல் தேய்கிறது, அல்லது வேறு ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த ரிஜக்ட் விழுவதற்கு முன்பே அது தெரிந்துவிடும். கடைசி மேசையில் இருந்த தரத்தை லேத் ஓட்டுபவரின் கைக்குக் கொண்டுவந்தது அந்தத் தாள். இருபதாம் நூற்றாண்டுத் தொழில் வரலாற்றில் இவ்வளவு எளிய, இவ்வளவு வலிமையான கருவிகள் மிகக் குறைவு.

இந்தியா இதைத் தாமதமாகக் கேள்விப்பட்ட நாடு அல்ல. கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நடத்தி வந்த மகலனோபிஸ் அழைத்ததன்பேரில் ஷூவார்ட்டே 1947–48-ல் இங்கு வந்தார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி தகுச்சி, 1954–55-ல் அதே நிறுவனத்தில் வருகைப் பேராசிரியராக இருந்தார். அறிவு வந்துவிட்டது, ஆனால் பெரும்பாலான ஆலைகளின் வாசலோடு நின்றுபோனது. காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டாம். உரிமம் பெற்றவர் மட்டுமே உற்பத்தி செய்யலாம், இறக்குமதிக்கு வழியில்லை, ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வாடிக்கையாளர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். வாங்குபவருக்குத் தேர்வு இல்லாத சந்தையில் தரம் பற்றிக் கேட்க யாரும் இல்லை.

ஜப்பானின் நிலை வேறு. போரில் எல்லாம் போயிருந்தது; ஏற்றுமதி செய்யாமல் அரிசிகூட வாங்க முடியாது, அவர்கள் பொருளுக்கோ மலிவுச் சரக்கு என்ற பெயர். 1950 கோடையில் அங்கே வந்து எட்டு நாள் பாடம் நடத்தியவர் எட்வர்ட்ஸ் டெமிங், ஷூவார்ட்டிடம் கற்றவர். பொறியாளர்களோடு மட்டும் பேசினால் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கத்தின் தலைவர் இச்சிரோ இஷிகாவா மூலமாக நிறுவனத் தலைவர்களையே கூட்டி அவர்களிடமும் பேசினார். அந்த உரைகள் புத்தகமானபோது கிடைத்த பணத்தை அவர் சங்கத்துக்கே விட்டுக்கொடுக்க, அதிலிருந்து 1951-ல் தரத்துக்கான டெமிங் பரிசு பிறந்தது.

டெமிங் தம் வகுப்புகளில் ஒரு சோதனை செய்து காட்டுவார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு. ஐம்பது குழிகள் கொண்ட துடுப்பு ஒன்றை அதில் அமிழ்த்தி எடுக்கவேண்டும். வெள்ளை நல்ல சரக்கு, சிவப்பு குறை. வகுப்பிலிருந்து சிலரைத் தொழிலாளராக அழைப்பார். ஒருவருக்கு எட்டு சிவப்பு விழும், இன்னொருவருக்குப் பதிமூன்று. குறைவாக எடுத்தவரைப் பாராட்டுவார், அதிகம் எடுத்தவரைக் கடிந்துகொள்வார், சுவரில் முழக்க அட்டை மாட்டுவார். எதுவும் மாறாது. சிவப்பு மணியைப் பெட்டிக்குள் போட்டது தொழிலாளி அல்லவே! குறைகளில் மிகப் பெரும்பகுதி ஏற்பாட்டில் இருக்கிறது, அதை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்திடம் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

அந்தப் பாடம் சென்னைக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆனது. பாடியில் 1962-ல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன், லாரிக்கும் பேருந்துக்கும் ஏர் பிரேக் செய்துவந்த ஆலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் இறங்கும் வண்டிக்குள் இருக்கிற பிரேக் வால்வு, ஆயிரத்தில் ஒன்றுதான் பழுது என்று ஆறுதல் சொல்லக்கூடிய பொருள் இல்லை. அதன் அப்போதைய நிர்வாக இயக்குநர் வேணு சீனிவாசன், ஜப்பானியப் பேராசிரியர் யோஷிகாசு ட்சுடாவை ஆலோசகராக வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆலையின் வேலைமுறையையே மாற்றினார். 1991-க்குப் பிறகு சந்தை திறந்துகொள்ள, அதுவரை விருப்பமாக இருந்தது பிழைப்புக்கான தேவையாகவும் ஆனது. டெமிங் பரிசுக்கு விண்ணப்பித்தால் ஜப்பானிலிருந்து ஆய்வாளர்கள் ஆலைக்கே வந்து பார்ப்பார்கள். கோப்புகளை மட்டும் காட்டித் தப்ப முடியாது. 1998-ல் அந்த நிறுவனத்தின் பிரேக் பிரிவு பரிசை வென்றது. இந்தியாவில் அதுவே முதல். 2001-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002-ல் டிவிஎஸ் மோட்டார், 2003-ல் பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலையும் ரானே பிரேக் லைனிங்ஸும் எனத் தமிழகப் பெயர்கள் வரிசையாக வந்தன.

மருத்துவத்தில் இதே எண்ணம் மதுரையில் தானாக வளர்ந்தது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கையோடு, 1976-ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் கண்புரை எடுக்கப்படும்போதே அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். கிராமத்திலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள் அந்த ஆயத்தங்களைச் செய்கிறார்கள். அறுவையில் நேரும் சிக்கல்கள் பதிவாகி, மருத்துவர்களோடு சேர்ந்து ஆராயப்படுகின்றன. வேகம் கூடினால் தரம் குறையும் என்ற பயத்துக்கு அந்தப் பதிவேடே பதில். கண்ணுக்குள் பொருத்தும் இறக்குமதி லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்ததால், 1992-ல் ஆரோலேப் என்ற தங்கள் தொழிற்கூடம் மூலம் மதுரையிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். இலவசமாகச் சிகிச்சை பெறும் நோயாளி என்பதற்காகத் தரம் குறைந்த லென்ஸை அவர்கள் ஏற்கவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த வரலாறு முழுவதிலும் உயர்ந்த முடிவு அதுதான்.

பள்ளிக்கூடம் இன்னும் கடினமான இடம். பொதுத்தேர்வு என்பது கடைசி மேசைச் சோதனை. பத்தாம் வகுப்பில் தவறும் பிள்ளை எழுத்துக்கூட்டுவதில் தடுமாறத் தொடங்கியது இரண்டாம் வகுப்பிலாக இருக்கலாம். எட்டு ஆண்டுகள் யாரும் அந்தப் புள்ளியைப் பார்க்கவில்லை. மாணவரைத் தரவரிசைப்படுத்துவதை டெமிங் கடைசிவரை எதிர்த்தார். கற்கும் மகிழ்ச்சியை அது கொல்கிறது என்பது அவர் வாதம்.

வழியிலேயே அந்தப் புள்ளியைப் பார்க்கும் முயற்சியும் நடந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலிப் பள்ளியின் கற்றல் அட்டைகளை முன்மாதிரியாகக் கொண்டது. சுவரில் ஒரு ஏணிப்படி அட்டவணை மாட்டியிருந்தது. குழந்தை தான் நிற்கும் படியைப் பார்த்து, அதற்கான அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தது. சுவரின் கீழ்ப்பகுதியில், அதன் கை எட்டும் உயரத்தில், எழுதிப் பார்க்கக் கரும்பலகை. ஒரு படி முடிந்தால்தான் அடுத்தது. 2007-ல் இந்த முறை மாநிலம் முழுதும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்து திறந்தபின், 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அந்த எண்ணத்தை வேறு வடிவில் எடுத்துக்கொண்டது. ஒரே வகுப்பில் உள்ள குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்து, அவரவர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கச் சொன்னது அது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்த திட்டம், அடுத்த ஆண்டு நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் போனது.