கொல்லிமலை மலையாளிக்கு மலையாளம் தெரியுமா?

தெரியாது. அவங்க பேசறது தமிழ்தான்.

எங்க ஊர் சேந்தமங்கலம் பக்கம், அதனால இந்தக் கேள்வி எனக்குப் பழகிப்போன ஒண்ணு. ஆபீஸ்ல யாராவது வீக்கெண்டுக்கு 70 கொண்டை ஊசி வளைவையும் ஏறி, ஆகாய கங்கையில நனைஞ்சுட்டு, திங்கட்கிழமை காலையில வந்து நிப்பாங்க. "பாஸ், அங்க எல்லாரும் நாங்க மலையாளிங்கறாங்க, பேசறது தமிழு. என்ன கதை?" எங்க டீம்ல இருக்கிற பாலக்காட்டுக்காரர் ஒரு படி மேல போய், "எங்காளுங்கதான், வழி தவறிட்டாங்க"ன்னு சொல்லி வச்சிருக்கார் :-)

இதுக்கு ரெடிமேடா ஒரு அட்டகாசமான விடை உண்டு. கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தன். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்னு, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான்னு சங்கப் பாட்டு சொல்லுது. சேரன்னா கேரளா. ஆக, சேரன் படை இங்கயே தங்கிடுச்சு, அவங்க வாரிசுதான் மலையாளிகள்! கேக்க ஜோரா இருக்கு இல்ல? ஆனா ஓரி காலத்துல மலையாளம்னு தனி மொழியே கிடையாது. சேர ராஜாக்களோட புகழைப் பாடற பதிற்றுப்பத்து முழுக்கத் தமிழ்தான். அப்ப வந்த படை எந்த மொழி பேசியிருக்கும்?

நிஜமான காரணம் நம்ம வாயில தினமும் புழங்கற ஒரு விகுதி. தொழில் செய்யறவர் தொழிலாளி. முதல் போடறவர் முதலாளி. கூட்டு சேர்ந்தவர் கூட்டாளி, பகை வச்சிருக்கறவர் பகையாளி. அப்ப மலையில இருக்கறவர்? மலையாளி. அவ்வளவுதான் மேட்டர்.

கேரளாவிலயும் இதே வார்த்தைதான், வேற ரூட்ல வந்திருக்கு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் இருந்ததால நம்ம ஆளுங்க அதை மலைநாடுன்னு சொன்னாங்க, ராஜராஜ சோழன் கல்வெட்டுலகூட அந்தப் பேர் இருக்கு. மலையாளம்ங்கறதும் முதல்ல நாட்டுக்குத்தான் பேர், மொழிக்கு அது ஒட்டிக்கிட்டது பிற்பாடு. பதினாலாம் நூற்றாண்டுல எழுதின லீலாதிலகம்ங்கற இலக்கண நூல்கூட அந்த மொழியை மலையாளம்னு சொல்லலை, கேரள பாஷைன்னுதான் சொல்லுது.

இன்னொரு கூத்து கேளுங்க. தமிழ் எழுத்துல அச்சாகி நமக்குக் கிடைச்சிருக்கறதுலயே பழைய புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. 1578-ல கொல்லத்துல அச்சடிச்சது. அதோட முகப்புல போர்த்துகீசியர் நம்ம மொழிக்குப் போட்டிருக்கற பேர் 'மலவார் தமிழ்'. இலங்கையில டச்சுக்காரங்களும் அப்புறம் வந்த பிரிட்டிஷ்காரங்களும் தமிழர்களை ரொம்ப நாளைக்கு மலபார்கள்னே எழுதினாங்க. அந்தக் கணக்குப்படி பார்த்தா நானும் மலபார்தான்!

கொல்லிமலைக்காரங்க தங்களைப் பத்தி என்ன சொல்றாங்க? காஞ்சிபுரத்துலேர்ந்து மூணு அண்ணன் தம்பி கிளம்பி வந்தாங்க, ஒருத்தர் சேர்வராயன் மலை, ஒருத்தர் கொல்லிமலை, ஒருத்தர் பச்சைமலைன்னு பிரிஞ்சு குடியேறினாங்கன்னு ஒரு வழிவழிக் கதை. 1909-ல வந்த எட்கர் தர்ஸ்டனோட தொகுப்புலயும் இது பதிவாயிருக்கு. இவங்க ஆதியிலேர்ந்தே மலையில இருந்தவங்க இல்ல, சமவெளியிலேர்ந்து ஏறின தமிழ் விவசாயிகள்ங்கறது தர்ஸ்டன் கட்சி. மூணு அண்ணன் தம்பிங்கறதை நான் வரலாறா எடுத்துக்க மாட்டேன். பேச்சு தமிழ், பட்டம் கவுண்டர், இது ரெண்டும் சமவெளியைக் காட்டுதுங்கறதை மட்டும் ஒத்துக்கறேன்.

இதுவரைக்கும் டீக்கடை அரட்டை. இதே பேர் சர்க்கார் காகிதத்துல ஏறினப்பதான் விவகாரமாச்சு. தமிழ்நாட்டுப் பழங்குடியினர்ல எண்ணிக்கையில பெரிய சமூகம் மலையாளிகள்தான். 2011 கணக்கெடுப்புல சுமார் மூணரை லட்சம் பேர். ஆனா பழங்குடிப் பட்டியல்ல மலையாளின்னு மட்டும் எழுதலை. கூடவே தர்மபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சி மாவட்டங்கள்ல இருக்கறவங்கன்னு ஒரு நிபந்தனை. வெறும் மலையாளின்னு விட்டா கேரளாவுலேர்ந்து வந்து குடியேறினவங்களும் அதே பேர்ல வரிசையில நிப்பாங்களேன்னு நினைச்சிருக்கலாம்னு எனக்குத் தோணுது. எங்க பாஷையில சொன்னா, ஒரே பேர்ல ரெண்டு வேரியபிள் இருந்தா என்ன செய்வோம்? முன்னால ஒரு அடைமொழி போடுவோம். இங்க அந்த அடைமொழி மாவட்டம்.

கொல்லிமலைக்கு இதனால பாதிப்பில்லை. 1997-ல நாமக்கல் தனி மாவட்டமானாலும் அது பழைய சேலத்துலேர்ந்து பிரிஞ்சதுதான். சேந்தமங்கலம் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கினதுதான். மாட்டிக்கிட்டது ஈரோடு மாவட்டத்துல பர்கூர், கடம்பூர் மலைகள்ல இருக்கற மலையாளிகள். ஈரோடு 1979-ல பிரிஞ்சது கோயம்புத்தூர்லேர்ந்து, கோயம்புத்தூரோ பட்டியல்லயே இல்லை. அதே பேர், அதே தமிழ், அதே மலை வாழ்க்கை. ஆனா பையனுக்கு எஸ்.டி. சான்றிதழ் வாங்கப் போனா கிடைக்காது. அது இல்லேன்னா காலேஜ் சீட்லயும் ஸ்காலர்ஷிப்லயும் சலுகை இல்லை. பல வருஷமா மனு கொடுத்து, போராடிப் பாத்தாங்க. 2022 டிசம்பர்ல நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டுப் பட்டியல்ல சேர்க்க நாடாளுமன்றம் மசோதா நிறைவேத்தினப்பவும், மலையாளிக்குப் பக்கத்துல இருக்கற அந்த மாவட்ட வரிசையில ஈரோடு ஏறலை.