தாத்தாவின் மணிக்கட்டும் கரி பஸ்ஸும்

தாத்தாவின் வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணல். சோற்றைப் பிசையும்போது கை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். யுத்த காலத்தில் திருநெல்வேலிக்கும் பாபநாசத்துக்கும் இடையே ஓடிய கரி பஸ் ஒன்றில் கிளீனராக இருந்தவர். ஒருநாள் விடிகாலையில் ஹேண்டில் திருப்பி அடித்து எலும்பு முறிந்தது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஆச்சி கடைசியில் ஒரு வரி சேர்ப்பாள்: "தூக்கக் கலக்கத்துல ஒழுங்காப் பிடிக்கல." தாத்தா மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த வரியைச் சந்தேகிக்க எனக்கு ஒரு பழைய லாரி தேவைப்பட்டது. அம்பாசமுத்திரத்தில் நண்பனின் குடும்பத்துக்கு ஒரு அரிசி ஆலை. அங்கே பல வருடங்களாக நின்றுகொண்டிருந்த செவர்லே லாரியை மறுபடி ஓட வைக்க ஆசைப்பட்டான். யுத்தம் முடிந்து ராணுவம் விற்றுத்தள்ளிய டிஸ்போசல் வண்டி, ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் சீராக ஓடவில்லை. திடீரென்று இருமுகிறது, சைலன்சரில் வெடிக்கிறது, பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. மென்பொருள்காரனுக்கு இது பழகிய எதிரி. எப்போதும் வரும் பிழையைப் பிடித்துவிடலாம். எப்போதாவது வரும் பிழைதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

டைமிங் லைட்டை ஒன்றாம் பிளக் வயரில் மாட்டி ஃபிளைவீலைப் பார்த்தேன். அதில் பதித்திருக்கும் இரும்புக் குண்டு முள்ளுக்கு நேரே அசையாமல் நிற்கவேண்டும். அது முன்னும் பின்னும் துள்ளியது. பாயின்ட், கண்டன்சர், காயில் எல்லாம் மாற்றினேன். துள்ளல் நிற்கவில்லை.

இந்தத் துள்ளல் எவ்வளவு சின்ன விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. எஞ்சின் நிமிடத்துக்கு 2400 சுற்று ஓடினால் நொடிக்கு 40 சுற்று, 120 பொறி. கிராங்க் ஒரு டிகிரி திரும்ப ஆகும் நேரம் நொடியில் 14,400-இல் ஒரு பங்கு. டிஸ்ட்ரிபியூட்டர் அதில் பாதி வேகத்தில்தான் சுற்றும். அதனால் அங்கே ஒரு டிகிரி பிசகினால் எஞ்சினில் இரண்டு டிகிரி பிசகும். பாயின்ட் இடைவெளியோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

பேட்டையிலிருந்து ஒரு பழைய மெக்கானிக் அண்ணாச்சியைக் கூட்டிவந்தோம். முதலில் வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்தார். துள்ளல் அப்படியே இருந்தது. அப்போ அது காரணம் இல்லை. "ஒண்ணுலயே பாத்துக்கிட்டு இருந்தா எப்படி தம்பி? ஆறுலயும் மாட்டிப் பாருங்க" என்றார். ஒன்றும் ஆறும் ஜோடி சிலிண்டர்கள். ஒன்று வெடித்து கிராங்க் சரியாக ஒரு சுற்று திரும்பியதும் ஆறு வெடிக்கும். அதனால் இரண்டிலும் குண்டு ஒரே இடத்தில் தெரியவேண்டும். தெரியவில்லை. அவர் மூடியைக் கழற்றி, ஷாஃப்ட்டை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளினார். பாயின்ட் இடைவெளி கண்ணுக்குத் தெரிய விரிந்து சுருங்கியது. புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடுகிறது. ஆடினால் ஒவ்வொரு பொறியும் வெவ்வேறு நேரத்தில் விழும். லேத்தில் கன்மெட்டல் புஷ் கடைந்து போட்டார், குண்டு நின்றது.

அன்று கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "இந்த ஆட்டத்தோட ஹேண்டில் போட்டுச் சுத்திராதீங்க, கை போயிரும்." எனக்குத் தாத்தாவின் மணிக்கட்டு ஞாபகம் வந்தது.

1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. பொறியை முந்த வைப்பதும் பிந்த வைப்பதும் டிரைவரின் வேலை. ஹேண்டில் சுற்றும் முன் பொறியைப் பிந்த வைத்தே ஆகவேண்டும். மறந்தால், பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே கலவை வெடித்து எஞ்சினைப் பின்பக்கம் உதைக்கும். அந்த உதை ஹேண்டில் வழியாகக் கைக்கு வரும். பிறகு வந்த வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் வேகத்துக்கு ஏற்ப அந்த வேலையைத் தாமாகவே செய்தன. ஆனால் கையால் சுற்றும் மெதுவான வேகத்தில் அவை விரியாது. டிஸ்ட்ரிபியூட்டரை எந்த இடத்தில் இறுக்கிவைத்திருக்கிறார்களோ அதுதான் டைமிங்.

1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. பெட்ரோல் அதற்கு முன்பே ரேஷனுக்கு வந்திருந்தது. நம் பக்கத்துத் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்து, மதுரையில் பஸ் விட்டுப் பெயர்பெற்ற டி.வி.சுந்தரம் ஐயங்கார் அந்தப் பஞ்ச காலத்தில் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கரிவாயு அடுப்பைச் செய்து விற்றார். உருளை அடுப்பில் கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதை வடிகட்டி, ஆறவைத்து எஞ்சினுக்குக் கொடுப்பார்கள். பெட்ரோலில் கிடைக்கும் சக்தியில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சும். விடியுமுன் அடுப்பு மூட்டுவது, விசிறி சுற்றுவது, சாம்பல் தட்டுவது எல்லாம் கிளீனர் பையன்களின் வேலை.

இங்கேதான் டைமிங் வருகிறது. கரிவாயு மெதுவாக எரியும். அதனால் பொறியைப் பெட்ரோலுக்கு வைப்பதைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி முந்த வைக்கவேண்டும். ஆனால் பல வண்டிகளைக் கொஞ்சம் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்துதான் வாயுவுக்கு மாற்றினார்கள். அதாவது வாயுவுக்காக முந்த வைத்த பொறி, வேகமாக எரியும் பெட்ரோல், கையில் ஹேண்டில். கூடவே யுத்தகால உதிரிபாகப் பஞ்சம். தேய்ந்த புஷ்ஷை மாற்ற வழியில்லாத வண்டியில் ஆறு சிலிண்டரில் ஏதோ ஒன்று இன்னும் நாலு டிகிரி முந்தும். எந்தச் சிலிண்டர் எப்போது மாட்டும் என்று யாருக்கும் தெரியாது. நூறு விடியல் சரியாகச் சுற்றிய கையை நூற்றியோராவது விடியலில் உடைக்க இது போதும்.

1954-இல் டாடாவும் டைம்லர்-பென்ஸும் ஜாம்ஷெட்பூரில் டீசல் லாரி செய்யத் தொடங்கினார்கள், எண்ணூரில் லேலண்டும் வந்தது. டீசலில் பொறியே கிடையாது. லாரி உலகத்திலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மெல்ல விலகியது. 1961-இல் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். வாகன மின்சாதனங்கள் செய்ய வந்தபோது, கரி பஸ் பழங்கதை ஆகியிருந்தது. அடுப்பு செய்தவரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, இருக்கவேண்டியதுதான். ஹேண்டில் சுற்றியவர்களின் வரலாறு அவர்கள் எலும்பில் எழுதப்பட்டு அவர்களோடு எரிந்துபோனது.

தாத்தா தூங்கி வழியவே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. அந்த பஸ்ஸும் இல்லை, அதன் டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை. ஆனால் விழித்திருந்தவன் கையும் உடையக்கூடிய வண்டி அது என்று இப்போது தெரியும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறி, டிகிரி எதுவும் அவளுக்குப் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டாள்:

"அப்போ அப்பா மேல தப்பு இல்லையால?"

"இல்ல அத்தை" என்றேன்.