துருவா இன்டராக்டிவ்

துருவா இன்டராக்டிவ் பெங்களூரில் இயங்கிய வீடியோ கேம் உருவாக்க நிறுவனம். 1997ஆம் ஆண்டு ராஜேஷ் ராவ் இதைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் வீடியோ கேம் ஸ்டுடியோ என்று இத்துறையினர் பரவலாகக் குறிப்பிடுவது இதைத்தான். சொந்தமாக கேம்களை வெளியிட்டு விற்பதைவிட, அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களின் கேம்களுக்கு வேண்டிய கார்கள், கட்டடங்கள், பாத்திரங்கள் முதலியவற்றைச் செய்து கொடுத்தே இது வளர்ந்தது. 2016 டிசம்பரில் சுவீடனின் ஸ்டார்பிரீஸ் நிறுவனமும், 2019 மே மாதத்தில் அமெரிக்காவின் ராக்ஸ்டார் கேம்ஸும் அடுத்தடுத்து இதை வாங்கின. அதன்பின் ராக்ஸ்டாரின் பெங்களூர்க் கிளையோடு சேர்க்கப்பட்டதால் துருவா என்ற பெயர் வழக்கிலிருந்து நீங்கியது.

பின்னணி

வீடியோ கேம் தொழிலில் ஜப்பான் 1980களில் உலகுக்கு முன்னோடியாக இருந்தது. நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் ஃபேமிகாம் கருவியையும் 1985இல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேமையும் வெளியிட்டது. கொனாமியின் கான்ட்ரா 1987இல் வந்தது. இந்தியாவில் இவை பெரும்பாலும் நகல் கருவிகள் வழியாகவே பரவின. தொலைக்காட்சிப் பெட்டியில் செருகி, கேசட் மாற்றி விளையாடும் இக்கருவிகளைத் தமிழ்நாட்டில் டிவி கேம் என்றார்கள். திருச்சி போன்ற நகரங்களில் 1990களில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு மாரியோவும் கான்ட்ராவும் இப்படித்தான் அறிமுகமாயின.

விளையாட ஆள் இருந்தது. செய்ய ஆள் இல்லை. கேம் உருவாக்கத்தைக் கற்றுத்தரும் கல்லூரிப் படிப்பு அன்று இந்தியாவில் இல்லை. வீடுகளில் கணினி அரிது. விற்ற கேம்களிலும் திருட்டுப் பிரதிகளே மிகுதி என்பதால், உள்நாட்டுச் சந்தையை நம்பி ஒரு ஸ்டுடியோ தொடங்குவது வணிகக் கணக்குக்கு ஒத்துவராது. பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கியது. மறுபுறம், வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் தொழில் பெங்களூரில் வேரூன்றிக்கொண்டிருந்தது. அதே வழியை கேம் துறையில் முதலில் பிடித்தது துருவா.

தொடக்க ஆண்டுகள்

ராஜேஷ் ராவ் மல்டிமீடியா பணிகளில் தொடங்கி, கேம் உருவாக்கத்துக்கு நகர்ந்தவர். நிறுவனத்துக்குக் கிடைத்த முதல் பெரிய வெளிநாட்டு வாய்ப்பு, பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிஷன்: இம்பாசிபிள் கேமுக்கான கணினிப் பதிப்பு. 1998இல் நிண்டெண்டோ 64 கருவிக்காக வந்த அந்த கேமைக் கணினியில் ஓடும்படி மாற்றுவதே வேலை. அந்தப் பதிப்பு கடைசிவரை விற்பனைக்கு வரவில்லை. ஆனாலும் ஐரோப்பாவின் பெரிய வெளியீட்டு நிறுவனம் ஒன்று இந்தியக் குழுவிடம் கேம் பணியை ஒப்படைத்தது என்ற தகுதி துருவாவுக்குப் பின்னாளில் பெரிதும் உதவியது.

கைப்பேசி கேம்கள் பரவத் தொடங்கிய காலத்தில் அத்துறையிலும் துருவா இறங்கியது. சார்லி சாப்ளினின் உருவத்தைக் கைப்பேசி கேம்களில் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றிருந்தது. அமெரிக்க இதழாளர் தாமஸ் ஃபிரீட்மன் 2005இல் வெளியிட்ட தி வேர்ல்டு இஸ் ஃபிளாட் நூலில் ராவையும் இந்நிறுவனத்தையும் பற்றி எழுதியுள்ளார். இணைய இணைப்பும் மின்னஞ்சலும் கையில் இருந்தால், சிறு இந்திய நிறுவனமும் உலகச் சந்தையில் இடம்பிடிக்க முடியும் என்பதற்கு அவர் துருவாவை எடுத்துக்காட்டாகக் கொண்டார்.

பணிமுறை

2000களில் துருவாவின் முதன்மைத் தொழில் கேம்களுக்கான கலைப் பணி. இத்துறையில் அசெட் எனப்படும் ஒவ்வொரு பொருளையும் முப்பரிமாணத்தில் உருவாக்கிக் கொடுப்பதே இப்பணி. மைக்ரோசாஃப்டின் ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட் கார்ப் பந்தயத் தொடருக்கு இந்நிறுவனம் செய்த பணி நன்கு அறியப்பட்டது.

ஒரு கார் கேமுக்குள் வருவதற்குப் பல படிகள் உண்டு. வாடிக்கையாளர் நிறுவனம் காரின் புகைப்படங்களையும் அளவுகளையும் அனுப்பும். அவற்றைப் பார்த்துக் கலைஞர்கள் காரின் வடிவத்தைச் சின்னஞ்சிறு பலகோணங்களால் ஆன வலையாகக் கணினியில் கட்டுவார்கள். பிறகு அந்த வலையின் மேற்பரப்பைத் தட்டையான படமாக விரித்து, பெயின்ட், கண்ணாடி, தோல் இருக்கை, ரப்பர் ஆகியவற்றின் நிறத்தையும் பளபளப்பையும் தீட்டுவார்கள். டெக்ஸ்ச்சர் எனப்படுவது இதுவே. நுணுக்கம் கூடினால் கருவியின் வேகம் குறையும். ஆகவே முதலில் மிக நுணுக்கமான மாதிரி ஒன்றைச் செய்து, அதன் மேடுபள்ளங்களை ஒரு படமாகப் பதிந்து, எளிய மாதிரியின்மேல் போர்த்துவார்கள். எளிய மாதிரியே நுணுக்கமானதுபோல் கண்ணுக்குத் தெரியும்.

இதோடு வேலை முடியாது. அதே காரைப் பல தரங்களில் திரும்பச் செய்ய வேண்டும். அருகில் வரும்போது முழு வடிவமும், தொலைவில் ஓடும்போது குறைந்த வடிவமும் திரையில் வரும். கதவு திறப்பது, சக்கரம் சுழல்வது, மோதினால் நசுங்குவது ஆகியவற்றுக்கான பிரிப்புகளும் தேவை. 1990களின் கேம்களில் ஒரு கார் சில நூறு பலகோணங்களில் முடிந்துவிடும். கருவிகளின் தலைமுறை மாற மாற அந்த எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது. உழைப்பு இப்படிப் பெருகியதும் கலைஞர் அனைவரையும் உள்ளேயே வைத்துக்கொள்வது மேலைநாட்டு ஸ்டுடியோக்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. குறைந்த செலவு என்பதால் இந்தியாவுக்கு வந்த வேலை, தரமும் காலக்கெடுவும் பிசகாததால் நிலைத்தது.

இவ்வகை ஒப்பந்தங்களில் ரகசியக் காப்பு இன்றியமையாதது. கேம் வெளிவரும்வரை அதன் பெயரைக்கூட வெளியில் சொல்ல இயலாது. பாத்திரங்கள், கதை, பெயர் ஆகியவற்றின் உரிமை வாடிக்கையாளருக்கே உரியது. கேம் லட்சக்கணக்கில் விற்றாலும் அதற்கேற்பக் கலைப்பணி செய்தவரின் ஊதியம் உயர்வதில்லை.

ஜப்பானில் ஓர் இணை

பெயர் வெளித்தெரியாமல் பிறருக்காக கேம் செய்வது இந்தியாவுக்கு மட்டும் உரிய நிலையன்று. ஜப்பானின் கியோட்டோவில் 1979இல் தொடங்கப்பட்ட டோஸே நிறுவனம் இதையே கொள்கையாகக் கொண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேம்களில் அதன் கைவண்ணம் உண்டு. பெரும்பாலானவற்றில் அதன் பெயர் இராது. முன்னணி நிறுவனங்களின் கேம்களை முழுமையாகவோ பகுதியாகவோ செய்து கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது அதன் வழக்கம்.

இரண்டுக்கும் இடையே வேறுபாடும் உண்டு. டோஸே பொருள்களை மட்டுமன்றி முழு கேமையும் வடிவமைத்தது. நிண்டெண்டோவுடன் 2002இல் தொடங்கிய ஸ்டார்ஃபி தொடரில் பதிப்புரிமையைப் பகிர்ந்துகொள்ளும் அளவுக்கு உயர்ந்தது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட தனி நிறுவனமாகவும் நீடித்தது. விளையாடுவோர் பெருந்திரளாக உள்ள உள்நாட்டுச் சந்தை ஜப்பானில் அருகிலேயே இருந்தது. துருவாவின் வாடிக்கையாளர் பெரும்பாலும் கடல் கடந்தே இருந்தனர்.

கைமாற்றங்கள்

பேடே தொடரால் அறியப்பட்ட ஸ்டார்பிரீஸ், 2016 டிசம்பரில் துருவாவின் 90.5 விழுக்காட்டுப் பங்குகளை 85 லட்சம் டாலருக்கு வாங்கியது. அப்போது துருவாவில் 300க்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். தன் கேம்களுக்குக் கலைப் பணி கிடைப்பதோடு, துருவா பிற நிறுவனங்களிடமிருந்து ஈட்டும் வருவாயும் சேரும் என்பது ஸ்டார்பிரீஸின் கணக்கு.

அந்தக் கணக்கு பொய்த்ததற்குக் காரணம் பெங்களூரில் இல்லை. ஸ்டார்பிரீஸ் பெரும் எதிர்பார்ப்போடு 2018 நவம்பரில் வெளியிட்ட ஓவர்கில்'ஸ் தி வாக்கிங் டெட் கேம் விற்பனையில் தோற்றது. அடுத்த மாதமே அந்நிறுவனம் சுவீடன் நீதிமன்றத்தில் மறுசீரமைப்புக்கு விண்ணப்பித்தது. கடன் நெருக்கடியைச் சமாளிக்கச் சொத்துகளை விற்க நேர்ந்தது. அவ்வாறு விற்றவற்றுள் துருவாவும் ஒன்று.

2019 மே மாதத்தில் ராக்ஸ்டார் கேம்ஸ், 91.82 விழுக்காட்டுப் பங்குகளை 79 லட்சம் டாலருக்கு வாங்கியது. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ, ரெட் டெட் ரிடெம்ஷன் தொடர்களை உருவாக்கிய ராக்ஸ்டார், டேக்-டூ குழுமத்தைச் சேர்ந்தது. 2016 முதலே அதற்குப் பெங்களூரில் ராக்ஸ்டார் இந்தியா என்ற ஸ்டுடியோ இருந்தது. துருவாவின் பணியாளர்கள் அதில் சேர்ந்ததும் அங்கு மொத்த எண்ணிக்கை 500ஐத் தாண்டியது. பல நிறுவனங்களுக்கு வேலை செய்த குழு, அதன்பின் ஒரே நிறுவனத்தின் உறுப்பாயிற்று.

துறையில் தாக்கம்

துருவா காட்டிய வழியில் பல நிறுவனங்கள் வந்தன. கலைப்பணியில் பெயர் பெற்ற லக்ஷ்யா டிஜிட்டலை அயர்லாந்தின் கீவேர்ட்ஸ் ஸ்டுடியோஸ் 2014இல் வாங்கியது. பிரான்சின் யூபிசாஃப்ட் 2008இல் புனேயிலும், அமெரிக்காவின் ஸிங்கா 2010இல் பெங்களூரிலும் ஸ்டுடியோக்களை நடத்தத் தொடங்கின. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காமின் கேமிங் மன்றத்துக்கு ராஜேஷ் ராவ் தலைமை ஏற்றார். இந்திய கேம் கலைஞர்கள் ஆண்டுதோறும் கூடும் மாநாடு இம்மன்றத்தின் வழியாகவே வளர்ந்தது. ஒன்றிய அரசு 2022இல் அனிமேஷன், கேமிங் உள்ளிட்ட துறைகளுக்கென ஒரு பணிக்குழுவை அமைத்தது.

சொந்தக் கதையை, சொந்த உரிமையில் கேமாக்கும் முயற்சிகள் இந்தியரிடையே பிந்தியே கவனம் பெற்றன. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ், ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக் என்ற கேமுக்காக 2017இல் இணையம் வழி நிதி திரட்ட முயன்று இலக்கை எட்டவில்லை. விடாமல் உழைத்து 2020 ஆகஸ்டில் அதை வெளியிட்டது. தமிழருக்கு நெருக்கமான சான்று கனடாவின் டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ். அது 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட வெண்பா, 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்தும் மங்கியும் போன சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லி, புட்டு போன்றவற்றின் செய்முறையை விளையாடுபவரே ஊகித்துச் சமைக்க வேண்டும். இது 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேமாகத் தேர்வாயிற்று.

மதிப்பீடு

விளையாடுவோரிடையே துருவாவின் பெயர் பரவலாக அறியப்படவில்லை. மாரியோவைப் போல அது விட்டுச்சென்ற பாத்திரம் எதுவும் இல்லை. அதன் பங்களிப்பு ஆள்களை உருவாக்கியதில் உள்ளது. கேம் கலையைக் கற்பிக்கும் கல்லூரி இல்லாத காலத்தில் தொடங்கி, இருபதாண்டுகளுக்கும் மேலாக அந்த ஸ்டுடியோவே பயிற்சிக்கூடமாக இருந்தது. ஒப்பந்தப் பணியால் திறமையும் வருவாயும் வளரும், உரிமை வளராது என்பதற்கும் துருவாவின் வரலாறே சான்று. உலகச் சந்தையின் பெரிய கேம்களுக்கு வேண்டிய தரத்தில் இந்தியாவிலிருந்து வேலை செய்ய முடியும் என்று முதலில் காட்டிய நிறுவனமாக அது இந்திய கேம் வரலாற்றில் இடம்பெறுகிறது.