நடுவில் காணாமல் போன தொடுதல்

போன மாதம் மகளின் பள்ளியில் 'குட் டச், பேட் டச்' வகுப்பு நடந்தது. வீட்டுக்கு வந்தவள் கேட்டாள்: "பெரியப்பா கிச்சுகிச்சு மூட்டுறது குட்டா, பேடா? எனக்குப் பிடிக்கல. ஆனா சிரிப்பு வருதே!"

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த இரண்டு சொற்களும் எங்கிருந்து வந்தன என்று தேட ஆரம்பித்தேன்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், 1970களின் பிற்பகுதி. பிள்ளைகளுக்கான எச்சரிக்கை என்றால் அப்போது பெரும்பாலும் 'முன்பின் தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே' ரகம்தான். ஹென்னப்பின் கவுண்டி அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் பாலியல் கொடுமைத் தடுப்புத் திட்டத்தில் வேலை பார்த்த கார்டீலியா ஆண்டர்சன் வேறு வழியை யோசித்தார். ஆளை விட்டுவிட்டுத் தொடுதலைப் பற்றிப் பேசினார். ஒரு கோடு. ஒரு முனையில் அன்பான தொடுதல், மறுமுனையில் நம்மைப் பயன்படுத்திக்கொள்ளும் தொடுதல். நடுவில் 'குழப்பும் தொடுதல்'. மினியாபொலிஸில் உள்ள இல்யூஷன் தியேட்டர் இதை 'டச்' என்ற நாடகமாக்கிப் பிள்ளைகள் முன் நடித்துக் காட்டியது.

யோசனை ஊர் ஊராகப் பரவியது. நம்மூர் வந்து சேர்ந்தபோது நடுவில் இருந்தது உதிர்ந்துவிட்டது. எங்க பாஷையில் சொன்னால், மூன்று மதிப்பு இருந்த இடத்தில் பூலியன் போட்டுவிட்டோம்.

ஆனால் விஷயமே அந்த நடுவில்தான் இருக்கிறது. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களின் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். தெரிந்தவர் அடித்துக்கொண்டா ஆரம்பிப்பார்? விளையாட்டு, கொஞ்சல், ரகசியம் என்றுதான் ஆரம்பிப்பார். வலிக்காததை 'பேட்' என்று பிள்ளை எப்படிச் சொல்லும்? இப்போது பல பயிற்சியாளர்கள் 'பாதுகாப்பான, பாதுகாப்பற்ற தொடுதல்' என்று மாற்றிச் சொல்கிறார்கள். தேவலாம், ஆனால் அதுவும் இரண்டுதான்.

2012 நவம்பர் 14 முதல் அமலில் உள்ள போக்சோ சட்டத்தின் 43ஆம் பிரிவு, டிவி, ரேடியோ, பத்திரிகை வழியாகப் பெற்றோருக்கும் விழிப்புணர்வு தர அரசுகளைக் கடமைப்படுத்துகிறது. நடைமுறையில் வகுப்பு என்னவோ பிள்ளைக்குத்தான் நடக்கிறது. எனக்கு யாரும் நடத்தவில்லை.

மகளிடம் "அது மூணாவது வகைம்மா. பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லலாம், எங்கிட்டயும் சொல்லணும்" என்றேன். அடுத்த ஞாயிறு அண்ணன் வந்தபோது நானே சொன்னேன்: "அண்ணே, அவளுக்குக் கிச்சுகிச்சு பிடிக்கலையாம், விட்டுடுங்க." அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. காபி ஆறும்வரை யாரும் பேசவில்லை.