ஒரு விமானம், இருபது பங்காளிகள்: பறப்புக் கழகங்களின் அங்கத்துவமும் பாதுகாப்பு விதிகளும்

சின்ன விமானத்தின் சத்தம் எங்களுக்கு அறிமுகமான விதம் வேறு. சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்குள் இறங்க வைத்த 'சியாமாசெட்டி', உண்மையில் இத்தாலியில் தயாரான சியாய் மார்செட்டி எஸ்.எஃப். 260. விமானிகளைப் பயிற்றுவதற்கென வடிவமைக்கப்பட்ட ஒற்றை எஞ்சின் விமானம் அது. 1980களின் நடுப்பகுதியில் அதன் ஆயுதம் சுமக்கும் வகையை இலங்கை விமானப்படை வாங்கியது. மறுபக்கத்தில், 2008 ஆகஸ்ட் 26 இரவு திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் மேல் குண்டு போட்ட புலிகளின் விமானங்களும் செக் நாட்டு ஸ்லின் 143 வகையைச் சேர்ந்த, நாலு பேர் இருக்கக்கூடிய இலகு விமானங்களே. இதே தரத்து விமானங்களை மற்ற நாடுகளில் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் மெக்கானிக்மாரும் கூட்டாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மாறி மாறி ஓட்டுகிறார்கள். அந்தக் கூட்டுக்குப் பெயர்தான் பறப்புக் கழகம்.

கனடாவிலும் இங்கிலாந்திலும் நோர்வேயிலும் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் இப்போது இப்படியான கழகங்களில் சேர்கிறார்கள். ஊரிலுள்ள பிள்ளைகள் இரத்மலானையிலுள்ள பயிற்சிப் பாடசாலைகளை விசாரிக்கிறார்கள். காணி விற்று, நகை அடகு வைத்துக் காசு கட்ட நினைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். ஆகவே இந்தக் கழகங்கள் எப்படி நடக்கின்றன, எந்த விதி எதற்காக வந்தது என்பதைத் தெரிந்துவைத்திருப்பது பயன்படும்.

இலங்கைக்கும் பறப்புக் கழகங்களுக்கும் உள்ள தொடர்பு பழையது. இரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலாக வந்திறங்கியது போர் விமானமோ பயணிகள் விமானமோ அல்ல. 1935 நவம்பர் 27 அன்று சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த 'பஸ் மொத்' என்ற சிறு விமானமே அங்கு முதலில் தரையைத் தொட்டது. திருகோணமலையின் கதை அப்படியல்ல. சீனன்குடா ஓடுபாதை பிரித்தானிய விமானப்படையின் தளமாகவே பெயர் பெற்றது. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் துறைமுகத்தோடு சேர்த்து அதையும் தாக்கின. இன்று அது இலங்கை விமானப்படையின் கல்விக்கழகம் இருக்கும் இடம். உள்ளூர்ப் பயணிகள் விமானங்களும் அங்கு வந்துபோகின்றன என்றாலும் தளம் படையின் கையில்தான் இருக்கிறது. துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்ச் சனத்துக்கு அந்த ஓடுபாதை வேலிக்கு அப்பால் தெரியும் ஒன்று. சிவில் விமானியாக விரும்பும் திருகோணமலைப் பிள்ளை இரத்மலானைக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

கழகத்தின் காசுக் கணக்கு எங்கள் கரையோரத்துக்குப் புதிதல்ல. கரைவலையில் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கழகம் இரண்டு வகைப்படும். ஒன்றில் அங்கத்தவர்கள் விமானத்தின் பங்குச் சொந்தக்காரர்கள். இங்கிலாந்தில் நீண்டகாலமாக இருந்துவரும் முறைப்படி, கூட்டாகச் சொந்தம் கொண்டாடுவோர் இருபது பேருக்கு மேல் போகக்கூடாது, ஒருவரின் பங்கு நூற்றுக்கு ஐந்துக்குக் குறையக்கூடாது. மற்ற வகையில் விமானம் கழகத்தின் பெயரில் இருக்கும். அங்கத்தவர் சேர்வுப்பணமும் மாதச் சந்தாவும் கட்டி, பறக்கும் மணித்தியாலத்துக்குக் கட்டணம் கொடுப்பார்.

மாதச் சந்தா, விமானம் தரையில் நின்றாலும் வரும் செலவுகளுக்கு: காப்புறுதி, தரிப்பிட வாடகை, வருடாந்தப் பரிசோதனை. மணித்தியாலக் கட்டணம், பறந்தால் வரும் செலவுகளுக்கு: பெற்றோல், ஒயில், தேய்மானம். இதில் பலர் மறக்கும் ஒன்று எஞ்சின் நிதி. செஸ்னா 172 போன்ற விமானங்களின் எஞ்சினை ஏறக்குறைய 2000 மணித்தியாலத்தில் முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும்படி தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். அதற்கு 40,000 டொலர் முடியும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் 20 டொலரை ஒதுக்கிவைக்க வேண்டும். 'எங்கள் கழகத்தில் மணித்தியாலம் மலிவு' என்று யாராவது சொன்னால், எஞ்சின் நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த மலிவு வேறு யாரோ பின்னர் கட்டப்போகும் கடன். சில வேளை அந்த யாரோ நீங்களாகவே இருப்பீர்கள்.

தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த தரம் ஆகக்குறைந்தது 17 வயதும் 40 மணித்தியாலப் பறப்பும். அதில் 10 மணித்தியாலம் தனியே பறந்திருக்க வேண்டும். அனேகமானவர்களுக்கு 40 போதாது. வேலைக்காகப் பறக்க விரும்பினால் வணிக அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்குப் பொதுவாக 200 மணித்தியாலம். பறப்புக் கழகத்தில் சேர்ந்தால் விமான நிறுவனத்தில் வேலை நிச்சயம் என்று சொல்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். எந்தக் காசையும் கட்டுமுன், அந்தப் பாடசாலைக்கும் பயிற்றுநருக்கும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் நடப்பு அங்கீகாரம் இருக்கிறதா என்று அதிகாரசபையிடமே கேட்டறிய வேண்டும். மருத்துவச் சோதனையையும் அதற்கு முன்னரே முடிக்க வேண்டும். நிறக்குருடு இருப்பது பாதிப் பணம் கட்டிய பிறகு தெரியவந்தால் யாரும் காசைத் திருப்பித் தரமாட்டார்கள்.

மருத்துவம் என்றதும் எங்களுக்கேயுரிய கேள்வி ஒன்று வருகிறது. உடம்புக்குள் செல் துண்டு இருப்பவர், காலை இழந்தவர், குண்டுச் சத்தத்தால் ஒரு காதின் கேட்கும் திறன் குறைந்தவர் பறக்கலாமா? முடியாது என்று முதலிலேயே முடிவெடுக்கத் தேவையில்லை. 1931 இல் விபத்தொன்றில் இரண்டு கால்களையும் இழந்த டக்ளஸ் பேடர், இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவின் போர் விமானியாக இருந்தார். இன்று பல நாடுகளில் கையால் மட்டும் இயக்கும் கருவிகள் பூட்டிய விமானங்கள் உண்டு. மருத்துவரின் தீர்மானத்தோடு, விமானத்தில் ஏற்றி ஓட்டவைத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. ஆனால் எதையும் மறைக்கக்கூடாது. பழைய காயத்தையோ, நித்திரைக்கும் மன அழுத்தத்துக்கும் எடுக்கும் மருந்தையோ மறைத்து எடுத்த மருத்துவச் சான்றிதழ் பிறகு ரத்தாகலாம். விபத்து நடந்தால் காப்புறுதியும் கைவிட்டுவிடும்.

இனிப் பறக்கும்போதுள்ள விதிகள். இவற்றில் முதலாவதாக நான் வைப்பது, சந்தேகம் வந்தால் விமானத்தை நிறுத்தும் உரிமை. நல்ல கழகத்தின் யாப்பில், எந்த அங்கத்தவரும், நேற்றுச் சேர்ந்தவர் உட்பட, ஒரு பழுதைக் கண்டால் பதிவேட்டில் எழுதி விமானத்தை நிறுத்தலாம். ஆனால் திரும்பப் பறக்கவிட, அனுமதி பெற்ற பொறியியலாளரின் கையொப்பம் வேண்டும். தலைவர் சொன்னாலும் போதாது. இருபது பேர் ஓட்டும் விமானத்தில் பழுதை விட்டுப்போனவர் ஒருவர், அதோடு மேலே போகிறவர் இன்னொருவர். 'போன கிழமை இறங்கும்போது கொஞ்சம் பலமாக இடித்துவிட்டது' என்று வெட்கப்படாமல் எழுதக்கூடிய கழகமாக அது இருக்க வேண்டும். எழுதியவரைப் பரிகசிக்கும் இடத்தில் அடுத்தவர் எழுதமாட்டார்.

எரிபொருளில் தண்ணீர் கலப்பது அடுத்தது. வெளியிணைப்பு எஞ்சின் வைத்திருக்கும் கடற்றொழிலாளருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவருடைய எஞ்சின் நின்றால் துடுப்பு இருக்கிறது. ஈரமான கரையோரக் காற்றில் அரைவாசியாக நிற்கும் தொட்டிக்குள் இரவில் நீர் பூக்கும். அதனால் பறப்பு முடிந்ததும் தொட்டியை நிரப்பிவைப்பதும், ஒவ்வொரு நாளும் முதற் பறப்புக்கு முன் தொட்டியின் அடியிலிருந்து சிறிது எடுத்துப் பார்ப்பதும் வழமை. விமானப் பெற்றோலில் பரவலாகப் பாவிக்கப்படும் வகை நீல நிறம். தண்ணீர் அடியில் நிறமில்லாமல் தனியே தெரியும். காபரேற்றர் உள்ள எஞ்சினில் இன்னொரு சங்கதி உண்டு. வெப்ப நாட்டிலும், காற்றில் ஈரம் கூடியிருந்தால் காபரேற்றருக்குள் பனிக்கட்டி பிடித்து எஞ்சின் திணறும். வெயில் நாட்டில் பனியா என்று சிரிப்பவர்களுக்காகவே பயிற்றுநர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

பாரக் கணக்கில்தான் எங்கள் ஆட்கள் சறுக்குவார்கள் என்பது என் பயம். செஸ்னா 172 இல் நாலு இருக்கை உண்டு. நாலு இருக்கை என்றால் நாலு பெரியவர்கள் என்று அர்த்தமில்லை. அதன் புதிய வகையொன்றின் உச்சப் பாரம் ஏறக்குறைய 1157 கிலோ. தொட்டிகளை நிரப்பினால் ஆட்களுக்கும் பைகளுக்கும் மிஞ்சுவது ஏறக்குறைய 250 கிலோதான். வெளிநாட்டிலிருந்து வந்த மாமா, மாமி, பெரிய பயணப்பை எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு 'ஒருக்கால் சுத்திக் காட்டு தம்பி' என்றால், தம்பி மறுக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

அதே மாமா கையில் காசைத் திணித்தால் அங்கேயும் விதி இருக்கிறது. தனியார் விமானி கூலிக்கு ஆள் ஏற்றக்கூடாது. செலவைப் பகிரலாம். அமெரிக்க விதிப்படி நாலு பேர் போன பறப்புக்கு 200 டொலர் முடிந்தால், விமானி தன் பங்கான 50 டொலரையாவது கட்டியாக வேண்டும். அங்கே, பயணிகளை ஏற்ற வேண்டுமானால் கடைசி 90 நாட்களுக்குள் மூன்று தரமாவது ஏறி இறங்கியிருக்கவும் வேண்டும். பல கழகங்கள் இதை இன்னும் இறுக்கி, 30 அல்லது 60 நாள் பறக்காதவர் பயிற்றுநரோடு ஒரு தரம் பறந்த பிறகே சாவியைப் பெறலாம் என்று வைத்திருக்கின்றன. மது அருந்தினால் ஆகக்குறைந்தது 8 மணித்தியால இடைவெளி என்பதும் அமெரிக்க விதி.

காற்றுக்கும் எல்லை உண்டு. செஸ்னா 172 குறுக்குக் காற்றில் இறங்கிக் காட்டிய அளவு 15 நொட். புதியவருக்குக் கழகம் அதில் பாதியளவே அனுமதிக்கும். கச்சான் வீசும் மாதங்களில் திருகோணமலைக் கடற்கரையில் நின்றவர்களுக்கு, காலையில் அடங்கியிருக்கும் காற்று மத்தியானத்துக்குள் எப்படி மாறும் என்பது தெரியும். போகும்போது இருந்த காற்றை நம்பித் திரும்பும் நேரத்தைத் தீர்மானிக்கக்கூடாது. பகலில் 30 நிமிடத்துக்கும் இரவில் 45 நிமிடத்துக்கும் மேலதிக எரிபொருள் வேண்டும் என்பது அமெரிக்க விதியின் ஆகக்குறைந்த அளவு. கடலோரத்தில் ஒரு மணித்தியாலம் வைத்திருப்பதே புத்தி.

விதிகளும் பொறியியலாளர்களும் பயிற்றுநர்களும் நிறைந்த இடத்திலும் விமானம் விழுகிறது. 2020 டிசம்பர் 15 அன்று சீனன்குடாவிலிருந்து எழுந்த பி.ரி. 6 பயிற்சி விமானம் கந்தளாய்ப் பகுதியில் விழுந்து, பயிற்சி விமானி ஒருவர் இறந்தார். 2023 ஆகஸ்ட் 7 அன்று அதே வகை விமானம் சீனன்குடாத் தளத்துக்குள்ளேயே, எழுந்த சில நிமிடங்களில் விழுந்து இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். சிவில் விமான விபத்துக்களைப் பொறுத்தவரை, விசாரணையின் நோக்கம் குற்றவாளியைத் தேடுவதல்ல, அடுத்த விபத்தைத் தடுப்பது என்பதே சர்வதேச விதி. கழகத்திலும் அப்படித்தான் நடக்க வேண்டும்.

சேருமுன் மூன்று கடதாசிகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: யாப்பு, காப்புறுதிப் பத்திரம், விமானத்தின் பராமரிப்புப் பதிவேடு. காப்புறுதியில் விபத்தின் முதற் செலவாக அங்கத்தவர் தன் கையிலிருந்து கட்டவேண்டிய தொகை எவ்வளவு, பயிற்சியிலிருக்கும் மாணவரும் அதில் அடங்குவாரா என்று பாருங்கள். யாப்பில் விலகும் விதியைப் பாருங்கள். பங்கை யாருக்கு விற்கலாம், வாங்க ஆள் இல்லாவிட்டால் சந்தா எத்தனை மாதம் ஓடும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பதிவேட்டில் கடைசி ஆறு மாதப் பக்கங்களைப் புரட்டுங்கள். இருபது பேர் ஓட்டும் விமானத்தில் ஆறு மாதமாக ஒரு சிறு குறைகூட எழுதப்படவில்லை என்றால், அந்த விமானத்தில் ஏறாதீர்கள்.