காட்சிக்கலையில் தன்பாலீர்ப்புப் பெண்களின் அன்றாட வாழ்வு

பெண்ணை நேசிக்கும் பெண்களின் வாழ்க்கையை வீடு, வேலை, குடும்பம் ஆகியவற்றோடு சேர்த்துக் காட்டும் ஓவியம், ஒளிப்படம், திரைப்படம் ஆகியவை இத்தலைப்பில் அடங்கும். இவ்வகையில் தமிழில் கவனம் பெற்றவை பெரும்பாலும் திரைப்படங்களே.

பின்னணி
ஐரோப்பிய ஓவியத்தில் இப்பொருளை நெடுங்காலம் ஆண்களே கையாண்டனர். ஓவியர் கூர்பேயின் ‘உறங்குவோர்’ (1866) ஓட்டோமான் தூதர் ஒருவருக்காக வரையப்பட்டது. தன்பாலீர்ப்புப் பெண்களே கேமராவைக் கையிலெடுத்த பின் படுக்கையறைக்கு வெளியே உள்ள வாழ்க்கையும் படமானது. ஜோன் இ. பைரனின் ஒளிப்படத் தொகுப்பு ‘ஐ டு ஐ’ (1979), வீடு வீடாகச் சென்று கேத்தரின் ஓப்பி எடுத்த ‘டொமஸ்டிக்’ வரிசை (1995–98) ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

இந்தியா
பத்மராஜனின் மலையாளப் படம் ‘தேசாடனக்கிளி கரயாறில்ல’ (1986) இரு பள்ளி மாணவியரின் நெருக்கத்தைச் சாவில் முடித்தது. தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ (1996) டெல்லிக் கூட்டுக்குடும்பம் ஒன்றின் இரு மருமகள்களைச் சமையலறையிலும் மொட்டைமாடியிலும் காட்டியது. 1998 டிசம்பரில் மும்பையிலும் டெல்லியிலும் அப்படத்தைத் திரையிட்ட திரையரங்குகள் தாக்கப்பட்டன. மறுதணிக்கைக்குச் சென்ற படம் 1999 பிப்ரவரியில் வெட்டின்றித் திரும்பியது. அதற்குள் டெல்லியில் நடந்த எதிர்ப்புக் கூட்டங்களில் தன்பாலீர்ப்புப் பெண்கள் தங்கள் அடையாளத்தைப் பதாகைகளில் எழுதி ஏந்தி நின்றனர். கேரளத்தில் நிகழ்ந்த தன்பாலீர்ப்புப் பெண்களின் தற்கொலைகள் லிஜி புல்லப்பள்ளியை ‘சஞ்சாரம்’ (2004) படத்தை எடுக்கத் தூண்டின. அதன் நாயகி சாவைத் தவிர்த்து வாழ்வைத் தேர்கிறாள்.

தமிழ்
மாலினி ஜீவரத்தினத்தின் ஆவணப்படம் ‘லேடீஸ் அண்ட் ஜென்டில்விமன்’ (2017) காதலோடு தற்கொலைகளையும் பேசியது; பா. இரஞ்சித்தின் நீலம் நிறுவனம் அதைத் தயாரித்தது. பரதநாட்டியம் ஆடும் இரு பெண்களின் காதலைச் சொல்லும் ‘மகிழினி’ இசைக்காணொளி 2021இல் வந்தது. ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் ‘காதல் என்பது பொதுவுடைமை’, கோவா திரைப்பட விழாவில் 2023இல் இடம்பெற்று, 2025 பிப்ரவரி 14 அன்று திரைக்கு வந்தது. மகள் தன் காதலியை வீட்டுக்கு அழைத்துவர, பெற்றோர் திணறுவதே கதை. லிஜோமோள் ஜோஸ் மகளாகவும் ரோகிணி தாயாகவும் நடித்தனர். துரத்தலும் சாவும் இல்லாமல், பெரும்பகுதி வீட்டுக்குள் நடக்கும் உரையாடலாகவே படம் நகர்கிறது.

சட்டச் சூழல்
2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒருபால் உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த, காதலர்களான இரு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் போலீஸ் துன்புறுத்தலுக்கு எதிராக உத்தரவிட்டார். பிரிக்கப்பட்ட பெண் இணையர் தொடர்பான வேலூர் மாவட்ட வழக்கில், குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ‘காதல் என்பது பொதுவுடைமை’ பெற்றோரின் வரவேற்பறையில் எழுப்பியதும் குடும்பம் எது என்ற இதே கேள்வியைத்தான்.